கீழ்ப்பக்கத்துப் பட்டைகள்

உழாமலே விதைக்கலாம் என்ற யோசனை தங்கையுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் யாரும் அக்காவின் தலையில் கட்டிவிடக் கூடாது பாருங்கள்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. கணவர் இறந்த பிறகு ஆறு வருடமாக முப்பத்தொரு கறவை மாடுகளையும் அவற்றுக்கான புல் நிலத்தையும் ஒற்றை ஆளாகப் பொறுப்பேற்று இழுத்துக்கொண்டிருந்தாள். தங்கை அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். நகரத்து ஆபீஸ் வேலையும் கல்யாணமும் ஒரே வருடத்தில் கைவிட்டுப் போக, இரண்டு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து இறங்கியவள். அக்கா எதையும் தோண்டித் துருவவில்லை. "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் விடிந்ததும் எழுப்பித் தொழுவத்தைக் கழுவச் சொன்னாள். அவள் ஆறுதல் சொல்லும் விதம் அது.

மூன்றாவது ஆள் கறவைக்காரர். பதினான்கு வருடமாக அந்தத் தொழுவத்தில் பால் கறப்பவர். மெஷின் வந்த பிறகும், குழாயை மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு மடியையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். மாடுகளோடு வாய் ஓயாமல் பேசுவார், மனிதர்கள் என்றால் கொஞ்சம் சிக்கனம். முப்பத்தாறு வயதாகியும் தங்கை அவருக்குப் பாப்பாதான்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவு நிலம்தான் எல்லோருக்கும் தலைவலி. கோடை வந்தால் புல் காய்ந்து சருகாகிவிடும். உழுது வேறு எதையாவது போடலாம் என்றால், உழுததும் இருக்கிற ஈரமும் போய்விடும், முதல் மழையில் மேல்மண் வழித்துக்கொண்டு போய்விடும். தங்கை எங்கெங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். பழைய புல்லை மருந்தடித்துச் சாகடிப்பது, அதை அப்படியே விட்டுவிடுவது. விதைக்கிற மெஷினின் இரும்புத் தட்டுகள் செத்த புல்லுக்குள்ளேயே நிலத்தைக் கீறிக்கொண்டு போகும், குழாய் வழியாகத் தீவனச்சோள விதை கீறலில் விழும், பின்னால் வரும் சின்னச் சக்கரம் மண்ணை அழுத்தி மூடிவிடும்.

பக்கத்துப் பண்ணைக்காரர் வேலியோரம் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். "உழாமலே விதைப்பாங்களா? அப்ப உங்க தங்கச்சி அடுப்பு பத்த வைக்காமலே சமைக்கவும் செய்வாங்களா?"

"செய்வா. உங்களுக்குத்தான் அதுல ஒரு வாய் கிடைக்காது" என்றாள் அக்கா.

நகரத்திலிருந்து வந்த பிறகு தங்கைக்காக ஒருவர் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு பேச்சுக்காகவே சோளம் வளர்ந்தாக வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. அவள் பயமெல்லாம் பண்ணையைப் பற்றியோ மாட்டைப் பற்றியோ இல்லை. அக்கா தன்னைப் பார்த்து 'இதுவும் உனக்கு வரலையா' என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மெஷினை வாடகைக்குக் கொடுத்தவர் ஒரு கத்தியையும் சேர்த்துக் கொடுத்தார். "ஒவ்வொரு சுத்துக்கும் எறங்குங்க. கீறல்ல நாலு எடத்துல தோண்டிப் பாருங்க. உழுத நெலத்துல விதை விழலைன்னா கண்ணுக்குத் தெரியும். இதுல ஒன்னும் தெரியாது, மேல புல்லு மூடிக்கிட்டு நல்லபிள்ளை மாதிரி இருக்கும். தோண்டினாத்தான் உண்டு."

மெஷினை டிராக்டரில் மாட்டிக்கொண்டு தங்கை மேல்பாதி முழுவதும் அப்படியே செய்தாள். இறங்கினாள், தோண்டினாள், ரோஸ் நிற மருந்து பூசிய விதை ஈர மண்ணில் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தாள், ஏறினாள். நடுவில் ஒரு மேடு உண்டு. அதைத் தாண்டினால் கீழ்ப்பக்கம், நிலத்தின் கேட்டில் நிற்பவர்களுக்குத் தெரியாது. மேட்டுக்கு மேல் நின்றபடி மெஷினின் விதைப்பெட்டியில் மறுபடி விதையை நிரப்பினாள். ஒரு மூட்டையின் அடி கொஞ்சம் நமத்துப்போயிருந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று கீழ்ப்பக்கத்தில் ஒரு தடவைகூட இறங்காமல் ஓட்டினாள்.

முடித்துவிட்டு மூடியைத் திறந்தால், பெட்டியின் வலது பக்கம் காலி. இடது பக்கம் போட்டபடியே இருந்தது. நமத்த விதை கட்டியாகி, அடியில் இருந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டித் தொங்கியது. கீழ்ப்பக்கம் நெடுக இடதுபக்கக் குழாய்களிலிருந்து ஒரு விதையும் விழவில்லை.

அப்போது பார்த்து மேட்டின் மேலிருந்து அக்காவின் குரல். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா."

"ரெண்டு நாள் வேலைன்னு நெனச்சேன். பரவால்லையே நீ!"

தங்கை கட்டிகளை அள்ளி மூட்டைக்குள் போட்டு வாயைக் கட்டினாள். முதல் பொய் அதுதான். அதைப் பொய் என்றுகூட அவள் நினைக்கவில்லை, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். எத்தனை குடும்பத்தை இந்த 'நாளைக்கு' கெடுத்திருக்கிறது!

பத்தாம் நாள் மேல்பக்கம் பச்சையாகக் கோடு போட்டது. அக்கா நிலத்தின் கேட்டில் சாய்ந்து நின்று, வாய்கொள்ளாத சிரிப்போடு பார்த்தாள். அவளுக்கு முழங்கால் தேய்மானம். மேட்டைத் தாண்டி இறங்கிவிட்டால் ஏறுவதற்குள் உயிர் போய்விடும். "கீழ்ப்பக்கம் உன் பொறுப்பு, நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டாள். கறவைக்காரருக்குத் தொழுவத்து வேலையே சரியாக இருந்தது. ஆக, கீழ்ப்பக்கத்தில் செத்த புல்லோடு பட்டை பட்டையாக வெறும் நிலம் கிடந்ததைப் பார்த்தவள் தங்கை ஒருத்திதான். எண்ணினாள். பதினோரு பட்டைகள்.

ஐந்து வாரம் கழித்து அக்கா முழங்காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன நாளில், ஓரத்தில் கொஞ்சம் விட்டுப்போய்விட்டது என்று மெஷின்காரரிடம் சொல்லி, ஒரு மதியத்துக்கு மட்டும் மெஷினை வாங்கினாள். பட்டைகளில் மட்டும் ஓட்டினாள். இந்தத் தடவை பத்தடிக்கு ஒரு தடவை இறங்கித் தோண்டினாள். டயர் மிதித்த பயிர் இரண்டே நாளில் நிமிர்ந்துகொண்டது. தப்பைச் சரிக்கட்டியாகிவிட்டது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள் புண்ணியவதி.

இளஞ்சோளம் மாட்டுக்கு விஷம். மாடு வளர்க்கிற யாருக்கும் இது தெரியும். இடுப்புக்கு மேல் வளர்ந்த பிறகுதான் மாட்டை உள்ளே விட வேண்டும். அதுவும் வெறும் வயிற்றோடு விடக்கூடாது, முதலில் வைக்கோல் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் விட வேண்டும். வெயிலில் வாடி, பிறகு ஒரு மழையில் குபீரென்று துளிர்த்த இளசு என்றால் இன்னும் மோசம். அந்த வீட்டில் இதற்கென்றே ஒரு கம்பு இருந்தது. துடைப்பக் கம்புதான், இடுப்பு உயரத்தில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். டேப்புக்கு மேல் பயிர் போனால்தான் கேட் திறக்கும்.

தங்கைக்கு இது ஞாபகம் வந்தபோது பட்டைகளில் முளை விட்டாகிவிட்டது. உடனே ஒரு வழி கண்டுபிடித்தாள். மேட்டின் மேல் குறுக்கே கரண்ட் வேலி இழுத்துவிட்டால் மாடுகள் மேல்பக்கத்தோடு நின்றுவிடும், கீழ்ப்பக்கத்து இளசும் அதற்குள் வளர்ந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. வியாழக்கிழமை வேலி போடுகிறேன், வெள்ளிக்கிழமை மாட்டை விடலாம் என்று அக்காவிடம் சொல்லி வைத்தாள்.

வாரக்கணக்கில் பெய்யாத மழை அதற்கு முந்தின வாரம்தான் பெய்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை கறவை முடிந்ததும் அக்கா கம்போடு கேட்டில் நின்றாள். கொட்டகையில் வைக்கோல் தீரப்போகிறது, இனி காத்திருக்க முடியாது என்றாள். மூன்று இடத்தில் கம்பை நட்டு அளந்தாள். பயிர் டேப்பைத் தாண்டி மார்பு உயரத்துக்கு நின்றது.

"வேலி இன்னும் போடலையேக்கா" என்றாள் தங்கை.

"வேலி எதுக்குடி? ஒரு மணி நேரம் மேயட்டும், ஓட்டிக்கிட்டு வந்துடலாம். கீழ்ப்பக்கம் எப்படி இருக்கு?"

கறவைக்காரர் மாடுகளின் முன்னால் கையை விரித்துத் தடுத்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு மாடும் பச்சை வாசனைக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தன. அக்கா தங்கையின் முகத்தையே பார்த்தாள். அக்காவின் முகத்தில் பெருமை இருந்தது. அதுதான் பாழாய்ப்போனது.

"அங்கயும் இப்படித்தான்" என்றாள் தங்கை.

கேட் திறந்தது. ஒரு மணி நேரம்தானே, மேட்டைத் தாண்டாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மாட்டுக்கு நாக்கு இருக்கிறதே. முற்றின சோளத்தட்டை இரண்டு கடி கடித்துப் பார்த்துவிட்டு, இளசின் வாசனை பிடித்து, எப்போதும் மந்தைக்கு முன்னால் போகிற வெள்ளைக்காது என்ற மாடு மேட்டில் ஏறியது. மற்றவை அதன் பின்னால் போயின. ஓடிப்போய்த் திருப்பியிருக்கலாம். ஏன் என்று அக்கா கேட்பாளே என்று நின்றாள்.

முதலில் திரும்பி வந்ததும் வெள்ளைக்காதுதான். வாயில் நுரை, கால் பின்னிக்கொண்டது, மேட்டின் இந்தப் பக்கத்துக்கு வந்து மூச்சுக்குத் தவித்து அப்படியே சரிந்தது. அக்கா போட்ட கூச்சலில் கறவைக்காரர் செருப்பை உதறிவிட்டு ஓடினார். ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி அடித்து விரட்டி மேலே ஏற்றினார். கீழே எது கடிபட்டது, எது மிதிபட்டது என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்! ஏற ஏற விழுந்தன. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு, கேட்டுக்கு நேரே ஒன்று, வழிநெடுக மற்றவை. மாட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் ஏழு செத்துவிட்டன. அவர் ஊசி போட்டுச் சிலவற்றைப் பிழைக்கவைத்தார், இரண்டு அவர் கையிலேயே போயின. மொத்தம் ஒன்பது.

டாக்டர் ஒரு மாட்டின் கழுத்திலிருந்து எடுத்த ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். செக்கச்செவேல் என்று இருந்தது.

"இது சோள விஷம்தான். இளசு எங்கயாவது இருந்துச்சா?"

"இல்லங்க. நானே அளந்தேன்" என்றாள் அக்கா.

"அப்ப பசியோட விட்டிருப்பீங்க. வெயில்ல காஞ்சு மழையில துளிர்த்த பயிரு வேற. வயிறு காலியா இருந்தா ஒரேயடியா இழுத்துடும்."

கறவைக்காரர் வெள்ளைக்காதின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்காமலே சொன்னார். "நாலு கட்டு வைக்கோல் பூஞ்சணம் புடிச்சிருந்துச்சும்மா. தூக்கிப் போட்டுட்டேன். மீதியைத்தான் பிரிச்சுப் போட்டேன். அரை வயிறுகூட நிரம்பியிருக்காது."

தங்கை அவருக்கு மூன்றடி தள்ளி நின்றாள். அந்த மூன்றடியில் சொல்லியிருக்கலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்று பிற்பாடு தனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அதுவும் பொய்தான். நாக்கு நன்றாகத்தான் இருந்தது.

"பதினாலு வருஷம்" என்றாள் அக்கா. "வைக்கோல் பத்தலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணே?"

"சொல்லியிருக்கணும்மா."

அவர் சாயங்காலக் கறவையை முடித்தார். இருபத்திரண்டு மாடுகளையும் தடவிப் பார்த்துத்தான் கறந்தார். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு தொழுவத்துச் சாவியைக் கொண்டுவந்து அக்காவின் முன்னால் வைத்தார். "இனி நான் மாட்டு மேல கை வைக்க மாட்டேன்மா." அக்கா 'இருங்க' என்று சொல்லவில்லை. அவள் மனதும் அன்றைக்குக் கல்லாகத்தான் இருந்தது.

அதன் பிறகு பால் கறப்பது தங்கையின் வேலையானது. ஒன்பது கட்டுத்தறிகளில் சங்கிலி சும்மா தொங்கியது. அக்கா அதைக் கழற்றவும் விடவில்லை, பேசவும் இல்லை. ஒருநாள் மட்டும் தானாகச் சொன்னாள். "நல்லவேளை, நீ விதைச்சதுல குத்தம் இல்லடி. அதுவும் சேந்திருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன்." தங்கை கையிலிருந்த பால் கேனை இறக்கி வைத்துவிட்டு, தொழுவத்துக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள்.

இருபதாம் நாள் அக்கா மறுபடியும் கம்பை எடுத்தாள். வாங்கிப் போட்ட தீவனம் தீர்ந்துகொண்டு வந்தது. மூன்று வாரம் போல விட்டு, வயிறு நிரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக மேயவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தத் தடவை அக்கா தன் கையாலேயே வைக்கோல் போட்டாள், மாடுகள் போதும் என்று முகத்தைத் திருப்பும்வரை போட்டாள். மூன்று இடத்தில் அளந்தாள். பயிர் தலைக்கு மேல் போயிருந்தது. கேட்டின் கொக்கியில் கை வைத்தாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தங்கைக்குத் தெரியும். மாடுகள் கடித்துத் தீர்த்த பட்டைகளில் இன்னொரு மழைக்குப் புதுத் துளிர் கிளம்பியிருந்தது. முழங்கால் உயரம், கண்ணைப் பறிக்கிற பச்சை.

"வேணாம்க்கா."

"என்னடி?"

"கீழ்ப்பக்கம் இளசு இருக்கு. அன்னைக்கும் இருந்துச்சு."

அக்கா புரியாமல் பார்த்தாள். தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி அடைத்துக்கொண்டது, மூட்டையைக் கட்டியது, ஆஸ்பத்திரி நாள், பதினோரு பட்டைகள். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்று அவளுக்கே இருந்தது.

அக்கா கேட்டைச் சாத்திவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு மேட்டில் ஏறினாள். கை கொடுக்கப் போன தங்கையைத் தட்டிவிட்டாள். அந்தப் பக்கம் இறங்கினாள். ஒவ்வொரு பட்டையாக நடந்தாள், ஒவ்வொன்றிலும் கம்பை நட்டாள். துளிர் டேப் உயரத்தில் பாதிகூட வரவில்லை. பதினோராவது பட்டையில் நின்று திரும்பினாள்.

"அன்னைக்குக் கேட்டுல வச்சு உன்கிட்ட நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டே."

"என்னன்னு சொன்னே?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு. என்னன்னு சொன்னே?"

"அங்கயும் இப்படித்தான்னு சொன்னேன்."

அக்கா அடிக்கவில்லை, திட்டவில்லை. "நம்ம கறவை அண்ணன்கிட்ட நீயே போய்ச் சொல்லு. தனியாப் போ" என்றாள். பிறகு அந்த ஈர மண்ணில் உட்கார்ந்து, வெள்ளைக்காதின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். செத்த நாளில் அழாத அழுகை அது.

கறவைக்காரர் ஒரு செங்கல் சூளையில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். கையெல்லாம் வெடித்துப்போயிருந்தது. தங்கை நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையில் இருந்த இரண்டு கல்லையும் கீழே வைக்க மறந்துவிட்டார்.

"இருவது நாளா இந்தக் கையைப் பாத்துக்கிட்டுத்தான் படுக்கறேன்" என்றார் கடைசியில். "நாலு கட்டு வைக்கோல்ல கொன்னுட்டியேடான்னு. நீ என் பக்கத்துலதானே நின்னே பாப்பா?"

"ஆமாண்ணே."

"பக்கத்துலதான் நின்னே" என்று அவரே ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

"வந்துடுங்கண்ணே. அக்கா ஒன்னும் சொல்ல மாட்டா. மாடெல்லாம் உங்களைத் தேடுது."

அவர் கல்லை அடுக்கில் வைத்தார். "மாடு ரெண்டு நாள்ல மறந்துடும். நான் வரலை. அந்த வாசல்ல வந்தா உன்னைப் பாக்கணும்." அடுத்த கல்லுக்குக் குனிந்தார். அதற்குப் பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தங்கைக்கு அப்படி எதுவும் இறங்கவில்லை.

அடுத்த பருவத்துக்கும் உழவில்லை. அக்கா உழச் சொல்வாள் என்று தங்கை எதிர்பார்த்தாள். முறையில் என்ன தப்பு என்று கேட்டுவிட்டாள் அக்கா. அதே மெஷின் வந்தது, அதே கத்தி வந்தது. புதுக் கறவைக்காரர் ஒருவர் தொழுவத்தில் இருந்தார். காலியாகக் கிடந்த கட்டுத்தறிகளில் ஐந்து நிரம்பியிருந்தன.

தங்கை டிராக்டரை ஓட்டினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் இறங்கினாள், மண்டியிட்டாள், செத்த புல்லை விலக்கிக் கீறலைத் தோண்டினாள். ரோஸ் நிற விதை மண்ணில் இருந்தது. ஒவ்வொரு குழாய்க்கும் பார்த்தாள், ஒன்றையும் விடவில்லை. கீழ்ப்பக்கம் வந்ததும் இன்னும் நெருக்கி நெருக்கிப் பார்த்தாள்.

அக்கா முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி மேட்டைத் தாண்டி அவளுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

"இருக்குக்கா. எல்லாத்துலயும் விழுந்திருக்கு" என்றாள் தங்கை நிமிர்ந்து.

"ம்" என்றாள் அக்கா. கம்பைக் கீழே போட்டாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டியபடியே மெதுவாக மண்ணில் உட்கார்ந்தாள். தங்கை மூடிவிட்ட அதே இடத்தைத் தன் கையால் மறுபடியும் தோண்டினாள்.